ஓர் அடுக்கு, பல முகங்கள்: அடைபட்ட கடற்படுகைகளின் வண்டலை வாசித்த வரலாறு

இத்தாலியின் வட அப்பெனைன் மலைத்தொடரில் சான்டெர்னோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே செல்பவர் இருபுறமும் ஒரே காட்சியைக் காண்பார். ஒரு மணற்கல் அடுக்கு, அதன்மேல் சாம்பல் நிறக் களியடுக்கு, மீண்டும் மணற்கல், மீண்டும் களி. இவ்வாறு ஆயிரக்கணக்கான அடுக்குகள் மலைச்சரிவு முழுவதும் புத்தகத் தாள்கள் போல் அடுக்கப்பட்டுள்ளன. இப்பாறைத் தொகுதிக்கு இத்தாலியர் இட்ட பெயர் ‘மார்னோசோ-அரெனாசியா’. சுண்ணக்களியும் மணலும் கலந்தது என்பது அதன் நேர்ப்பொருள். இன்று மலையாக நிற்கும் இது, மயோசீன் காலத்தில் ஆழ்கடற்படுகை ஒன்றின் தரையாக இருந்தது. ஒருபுறம் எழுந்துகொண்டிருந்த அப்பெனைன் மலைமுகப்பு, மறுபுறம் சரிவான கடற்தரை. இவற்றுக்கிடையே நீண்டு குறுகிக் கிடந்த அடைபட்ட படுகை அது.

இந்த அடுக்குகளுள் ஒன்றைத் தேர்ந்து, அதை விடாமல் பின்தொடர்ந்து நடந்தால் வியப்பான ஒன்று புலப்படும். ஓரிடத்தில் அது பருமணல் மிகுந்த தடித்த அடுக்கு. சில கிலோமீட்டர் தொலைவில் மணல் மெலிந்து களி தடித்துவிடும். வேறோரிடத்தில் மணலுக்கு நடுவே களிக்கட்டிகள் குழம்பிக் கிடக்கும். ஆயினும் அவை அனைத்தும் ஒரே நிகழ்வில், ஒரே பெருக்கில் படிந்தவை. அவ்வாறெனில் அந்நிகழ்வின் மெய்யான பதிவு எந்த இடத்தில் உள்ளது? ஆழ்கடல் வண்டலியல் இந்த வினாவை உரிய முறையில் கேட்கக் கற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. அவ்வரலாற்றின் பெரும்பகுதி, ஓரிடத்தில் நின்று கண்டதைப் படுகை முழுமைக்கும் உரியதாகக் கொண்டதன் வரலாறு எனலாம்.

முதலில் பெயர் வந்தது. விளக்கம் நெடுநாள் கழித்தே வந்தது. 1827இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன்ஹார்டு ஸ்டூடர், சிம்மே பள்ளத்தாக்கின் மக்கள் வழுகிச் சரியும் நிலத்தைக் குறிக்க வழங்கிய ‘ஃப்ளிஷ்’ என்னும் வட்டாரச் சொல்லை எடுத்து, மணலும் களியும் மாறிமாறி வரும் இத்தகைய பாறைகளுக்கு வழங்கினார். உழவர் பேச்சிலிருந்து வந்த அச்சொல் ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆனால் அது பாறையின் தோற்றத்தைச் சொன்னதே அன்றி, அது எவ்வாறு உருவானது என்பதைச் சொல்லவில்லை.

உருவான விதத்தை ஆராய்வதற்குத் தடையாக நின்றது ஆழ்கடல் பற்றிய அன்றைய கருத்து. 1872 முதல் 1876 வரை கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் கப்பல், ஆழ்கடல் தரையில் நுண்ணுயிர் ஓடுகளாலான சேற்றையும் செங்களியையும் கண்டது. ஆழ்கடல் அமைதியின் இடம், அங்கே மேலிருந்து மெல்ல உதிரும் துகள்கள் மட்டுமே படியும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. மணலும், அம்மணலில் காணும் அலைவரித் தடங்களும் கரையோரத்துக்கு உரியவையாகக் கருதப்பட்டன. இதன்படி, ஃப்ளிஷ் பாறையில் மணலும் களியும் ஆயிரம் முறை மாறிவந்தால், கடற்தரை ஆயிரம் முறை மேலெழுந்து ஆயிரம் முறை தாழ்ந்திருக்க வேண்டும். நம்புவதற்கு அரிய விளக்கம்தான்; எனினும் அதற்கு மாற்று அன்று இருக்கவில்லை.

மாற்றுக்கான குறிப்பு ஓர் ஏரியிலிருந்து கிடைத்தது. ஜெனீவா ஏரியில் கலக்கும் ரோன் ஆற்றின் குளிர்ந்த, கலங்கிய நீர் ஏரி நீரோடு உடனே கலவாமல் தரையை ஒட்டியே ஓடுவதை ஃபிரான்சுவா-அல்ஃபோன்ஸ் ஃபோரெல் 1885இல் எழுதினார். கலங்கிய நீர் தெளிந்த நீரைவிடக் கனமானது. ஆதலால் நீருக்கடியில் ஓர் ஆறுபோல் அது சரிவில் இறங்கும். 1936இல் ரெஜினால்டு டேலி, கண்டச் சரிவுகளிலுள்ள கடலடிப் பள்ளத்தாக்குகளை அறுத்தவை இத்தகைய ஓட்டங்களே என்று முன்மொழிந்தார். டச்சு நிலவியலர் ஃபிலிப் கியூனன் அதைத் தொட்டியில் செய்து பார்க்க முனைந்தார். 1929-30இல் ஸ்னெல்லியஸ் கப்பலில் கிழக்கிந்தியத் தீவுகளின் ஆழ்கடற்படுகைகளை ஆராய்ந்த அனுபவம் அவருக்கு இருந்தது. அவர் சேறும் மணலும் கலந்த நீரைச் சாய்ந்த தொட்டிக்குள் விட்டார். அது தரையோடு தவழ்ந்து ஓடி, நின்ற இடத்தில் அடியில் பருமணலும் மேலே செல்லச்செல்ல நுண்மணலுமாகப் படிந்தது.

அதே நேரத்தில் அப்பெனைன் மணற்கற்களில் இதே ஒழுங்கைக் கண்டிருந்தவர் கார்லோ மிலியோரினி. தொட்டியில் கண்டவரும் மலையில் கண்டவரும் சேர்ந்து 1950இல் வெளியிட்ட கட்டுரை, அடியில் பருத்து மேலே நுணுகும் மணலடுக்குகளுக்குக் கலங்கல் நீரோட்டங்களே காரணம் என்றது. அடுத்த ஆண்டு மான்லி நாட்லண்டும் கியூனனும் கலிஃபோர்னியாவின் வெஞ்சுரா படுகையை எடுத்துக்கொண்டனர். அங்கே மணலடுக்குகளுக்கு இடைப்பட்ட களியில் ஆழ்நீர் ஃபொராமினிஃபெரா ஓடுகள் இருந்தன. களி ஆழ்கடலுக்கு உரியது. மணலோ மேலிருந்து வந்த விருந்தாளி. கடற்தரை ஆயிரம் முறை ஏறி இறங்க வேண்டிய தேவை அத்துடன் ஒழிந்தது.

இத்தகைய ஓட்டம் மெய்யான கடலில் நிகழ்ந்ததற்குச் சான்று முன்பே கிடைத்திருந்தது, படிக்கத்தான் ஆளில்லை. 1929 நவம்பர் 18 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே, கிராண்டு பேங்க்ஸ் திட்டின் விளிம்பில் 7.2 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை 28 உயிர்களைக் கொண்டது. இறந்தவர் பெரும்பாலும் பியூரின் தீபகற்பத்தின் மீனவ ஊர்களைச் சேர்ந்தவர்கள். புயலால் தந்திக் கம்பி முன்னரே அறுந்திருந்தமையால் அவர்தம் துயரம் வெளியுலகை எட்ட மூன்று நாளாயிற்று. அதே இரவில் கடலுக்கடியில் 12 அட்லாண்டிக் தந்திவடங்கள் அறுந்தன. நிலநடுக்க மையத்துக்கு அருகிலிருந்தவை உடனே அறுந்தன; தெற்கே ஆழத்திலிருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக 13 மணி நேரத்துக்கும் மேலாக அறுந்துகொண்டே சென்றன.

தந்தி நிறுவனங்களின் குறிப்பேடுகளில் ஒவ்வொரு வடமும் அறுந்த நேரம் நிமிடக் கணக்கில் இருந்தது. 23 ஆண்டுகள் கழித்து, 1952இல், புரூஸ் ஹீசனும் மாரிஸ் யூவிங்கும் அந்நேரங்களை வரிசைப்படுத்தி, சரிவில் இறங்கிய ஒரே கலங்கல் ஓட்டமே வடங்களை முறையே அறுத்தது என்று காட்டினர். தொடக்கத்தில் அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் அளவில் இருந்ததாக அவர்கள் கணித்தனர். பின்னைய மறுகணிப்புகள் அதை 70 கிலோமீட்டரை ஒட்டிக் குறைத்தன. ஆழ்கடல் அமைதியின் இடம் என்ற எண்ணம் மறைந்தது.

இதன் பின்னர் தேவைப்பட்டது ஒரு பொதுவடிவம். அதைத் தந்தவர் ஆர்னோல்டு பௌமா. நீஸ் நகருக்கு வடக்கே, பிரெஞ்சு ஆல்ப்ஸின் பெய்ரா-காவா பகுதியில் உள்ள ஆனோ மணற்கற்களை அடுக்கு அடுக்காக அளந்து, 1962இல் அவர் நூலாக வெளியிட்டார். முழுமையான கலங்கல் படிவு ஒன்றில் கீழிருந்து மேலாக ஐந்து பிரிவுகள் உண்டு என்றார்: வரியற்ற பருமணல், இணைவரி மணல், அலைவரி மணல், மெல்லிய இணைவரி வண்டல், களி. ஓட்டம் தளரத்தளர இவ்வைந்தும் முறையே படிகின்றன. கீழ்ப்பிரிவுகள் ஓட்டம் தொடங்கிய இடத்துக்கு அருகில் தடித்திருக்கும். தொலைவு செல்லச்செல்ல ஒவ்வொன்றாக மறைந்து இறுதியில் களி மட்டும் எஞ்சும் என்றும் அவர் ஊகித்தார்.

இந்த வரிசை மாணவர்க்கு எளிதாக இருந்தது; ஆய்வாளர்க்கோ வலிமையான கருவியாயிற்று. 1967இல் ரோஜர் வாக்கர், ஓரிடத்து அடுக்குகளில் எத்தனை எந்தப் பிரிவில் தொடங்குகின்றன என்று எண்ணி, அவ்விடம் ஊற்றுக்கு அருகிலா தொலைவிலா என்று கணிக்கும் முறையை வகுத்தார். இங்கே ஒரு நுண்ணிய சறுக்கல் நேர்ந்தது. பௌமா தந்தது ஒரு வட்டாரத்தின் விவரணை. அது மெல்ல மெல்ல உலகப் பொதுவிதியாக வாசிக்கப்பட்டது. பெய்ரா-காவா திறந்த கடற்தரையில் விரிந்த படிவன்று, சரிவுகளால் அடைக்கப்பட்ட சிறு படுகையின் நிரப்பு என்பது பிற்கால ஆய்வுகளிலேயே தெளிவாயிற்று. அடைபட்ட இடத்தில், ஊற்றிலிருந்து உள்ள தொலைவு மட்டும் படிவின் முகத்தைத் தீர்மானிப்பதில்லை. எதிர்க்கரை எங்கே இருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டின் ஏரி ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். வரத்துக்கால் ஏரியில் நுழையும் வாயில் மணல் தங்கும். கரையை நோக்கிச் செல்லச்செல்ல வண்டல் நுண்மையாகும். கரை இல்லாவிடில் அந்நுண்வண்டல் நீரோடு வெகுதூரம் சென்றிருக்கும். கரை இருப்பதால் உள்ளேயே தேங்கிப் படிகிறது. ஏரி தூர்ந்து மேடாக ஆக, கலிங்கு வழியே வழியும் நீரோடு வண்டலும் வெளியேறத் தொடங்குகிறது. கடலடிப் படுகையின் நடத்தையும் சாரத்தில் இதுவே. வேறுபாடு என்னவெனில், அங்கே வருவது ஆண்டு மழையன்று. நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை சில மணி நேரத்தில் பாயும் பெருக்கு. அப்பெருக்கு கரையில் மோதித் திரும்பவும் வல்லது.

அடைபட்ட படுகையை அடைபட்டதாகவே வாசித்த ஆய்வு 1980இல் வெளிவந்தது. 1972இல் எமிலியானோ முட்டியுடன் சேர்ந்து கடலடி விசிறிகளின் மாதிரியை அப்பெனைன் பாறைகளுக்குப் பொருத்திக் காட்டியவர் ஃபிராங்கோ ரிச்சி லுக்கி. அவரே இப்போது வல்மோரியுடன் சேர்ந்து, மார்னோசோ-அரெனாசியாவின் தனித்தனி அடுக்குகளைப் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகத் தொடர்ந்தார். எந்த அடுக்கு எங்கே எதுவாக மாறுகிறது என்று அறிய, ஐயமற அடையாளம் காணத்தக்க வழிகாட்டி அடுக்குகள் வேண்டும். அவற்றுள் தலையாயது ‘கொன்டெஸ்ஸா’. மற்ற பெரும்பாலான அடுக்குகள் வடமேற்கே ஆல்ப்ஸ் பக்கமிருந்து தென்கிழக்கு நோக்கி வந்தவை. கொன்டெஸ்ஸாவோ சுண்ணத் துகள்களைச் சுமந்துகொண்டு தென்கிழக்கிலிருந்து வந்தது. பல இடங்களில் 10 மீட்டருக்கு மேல் தடித்த அந்த ஒற்றை அடுக்கில் பெரும்பகுதி களி. வெளிறிய சுண்ணப் படலங்களான ‘கொலொம்பினே’ அடுக்குகளும் துணைநின்றன.

இவற்றை அடையாளமாகக் கொண்டு இடைப்பட்ட அடுக்குகளைப் பொருத்தியபோது, பெரிய அடுக்குகள் விசிறியின் மடல்களைப்போல் ஓரிடத்தில் குவிந்து முடியவில்லை. படுகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பரவியிருந்தன. படுகையின் கொள்ளளவுக்கு மிஞ்சிய வண்டல் வந்து விழுந்த ஆழ்கடல் சமவெளி அது என்பது அவர்களின் முடிவு. தாம் முன்பு வகுத்த விசிறி மாதிரி இங்கே பொருந்தவில்லை என்பதைத் தம் சொந்த அளவீடுகளைக்கொண்டே காட்டிய நேர்மை, இக்கட்டுரையின் அறிவியல் மதிப்புக்கு இணையாகப் போற்றத்தக்கது.

கொன்டெஸ்ஸாவின் தடித்த களிப்போர்வை ஒரு தடயமாகவும் அமைந்தது. திறந்த கடலில் கலங்கல் ஓட்டத்தின் மேற்பகுதியான நுண்சேற்று மேகம் விரிந்து பரந்து மெலிந்துவிடும். அடைபட்ட படுகையில் அது வெளியேற வழியின்றிக் குளமாகத் தேங்குகிறது. நாள்கள், வாரங்கள் என மெல்லப் படிகிறது. ஆகவே மணலுக்கு ஒவ்வாத அளவு தடித்த களி, அப்படுகைக்குக் கரை இருந்ததைச் சொல்லும்.

அடுத்த தடயம் அலைவரிகளின் திசை. கியூபெக்கின் கிளாரிடோர்ம் தொகுதியில் உள்ள ஆர்டொவிசியன் கால அடுக்குகளை ஆராய்ந்த கெவின் பிக்கரிங்கும் ரிச்சர்டு ஹிஸ்காட்டும் 1985இல் ஒரு புதிருக்கு விடை சொன்னார்கள். ஒரே அடுக்கின் அடிப்பகுதி ஒரு திசையில் ஓடியதைக் காட்ட, மேற்பகுதியின் வரிகள் ஏறத்தாழ எதிர்த்திசையைக் காட்டின. பெருக்கு எதிர்ச்சரிவில் மோதித் திரும்பியது, திரும்பிய ஓட்டமும் அதே அடுக்கிலேயே எழுதிச் சென்றது என்பது அவர்களின் விளக்கம். எதிர்க்கரையின் அருகில் இத்தகைய திசைமாற்றங்கள் மிகுதி. படுகையின் நடுவே குறைவு. கரையை நெருங்க நெருங்க அடுக்கு மெலிந்து, சரிவின்மேல் சாய்ந்து முடிவதையும் காணலாம். ஊற்றுவாய், நடுச்சமவெளி, எதிர்க்கரை ஆகிய மூன்று இடங்களும் ஒரே நிகழ்வுக்கு மூன்று வேறு சாட்சியம் சொல்கின்றன.

2006இல் லாரன்ஸ் ஏமியும் பீட்டர் டாலிங்கும் மீண்டும் மார்னோசோ-அரெனாசியாவுக்குத் திரும்பி, 120 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பரப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களை அளந்து, அடுக்குகளை ஒன்றோடொன்று பொருத்தினர். பல அடுக்குகளின் நடுவே, தூய மணலுக்கிடையே, களிக்கட்டிகள் கலந்த குழம்புப் படிவு இருந்தது. நீரோட்டம் விட்டுச்சென்றதன்று அது. சேற்றுக்குழம்பாக உறைந்து நின்றது. அதே அடுக்கை மேலும் தொடர்ந்தால் அக்குழம்பு சட்டென முடிந்து, தூய மணலும் களியும் மட்டுமே தொடர்ந்தன. ஒரே பெருக்கு ஓரிடத்தில் கலங்கல் நீராகவும் வேறிடத்தில் சேற்றுக்குழம்பாகவும் நடந்துகொள்ளும் என்பதே இதன் பொருள். ஒற்றைப் பாறை வெளிப்பாட்டைக் கண்டவர் அதை ஒரு பெயரிட்டு வகைப்படுத்தியிருப்பார். பத்து கிலோமீட்டர் அப்பால் நின்றவர் வேறு பெயரிட்டிருப்பார். இருவரும் தத்தம் இடத்தில் பிழையற்றவர்களே.

இடம் மட்டுமன்று, காலமும் படிவை மாற்றுகிறது. 2002இல் ஹியூ சிங்ளேரும் மார்க் தொமாசோவும் அடைபட்ட படுகையொன்றின் வாழ்வைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டினர். முதலில் மணலும் களியும் முழுமையாக உள்ளே அடைபடும். படுகை நிரம்பிக் கரை தாழ்ந்ததும், ஓட்டத்தின் மேற்பகுதியிலுள்ள நுண்சேறு விளிம்பைத் தாண்டி வழிந்தோடும். மணல் மட்டும் உள்ளே தங்கும். முடிவில் ஓட்டங்கள் படுகையைக் கடந்து அடுத்த படுகைக்குச் செல்லும். அதாவது, ஒரே இடத்திலேயே கீழடுக்குகளில் களி மிகுந்தும் மேலடுக்குகளில் மணல் மிகுந்தும் இருக்கலாம். மெக்சிகோ வளைகுடாவின் கண்டச் சரிவில் உப்புப்பாறைகளின் அசைவால் உண்டான சிறு படுகைகளில் எண்ணெய் தேடுவோர்க்கு இது வெறும் கல்வியறிவன்று. எண்ணெய் தங்குவது மணலில். அதை மூடிக் காப்பது களி. எது எங்கே முடிகிறது என்று தவறாகக் கணித்தால் துரப்பணக் கிணறு வீணாகும்.

இந்த வாசிப்பில் எண்ணெயைவிடப் பெரிதும் பணயமாகும் என்பதற்கு அயோனியக் கடலின் கதையே சான்று. அங்கே ஆழ்தரையிலிருந்து எடுத்த வண்டல் தண்டுகளில், வரியோ அமைப்போ அற்ற ஒரே சீரான தடித்த படிவு ஒன்று திரும்பத்திரும்ப வந்தது. சிறு குழிவுகளில் சில மீட்டர். ஆழ்கடல் சமவெளியில் 20 மீட்டரை எட்டுமளவு. கிம் காஸ்டென்ஸும் மரியா பியான்கா சீட்டாவும் 1981இல், சான்டோரினி எரிமலையின் வெண்கலக் காலப் பெருவெடிப்பு எழுப்பிய ஆழிப்பேரலையே அதன் காரணம் என்றனர். இப்படிவுக்கு ‘ஹோமோஜெனைட்’ என்ற பெயர் நிலைத்தது. கவனிக்கத்தக்கது என்னவெனில், பெயர் அதன் ஒருமைத்தன்மையைச் சொல்கிறது. ஆனால் அப்படிவு படுகைக்குப் படுகை தடிப்பிலும் ஊற்றிலும் வேறுபட்டது. பெயரே வேறுபாட்டை மறைத்தது.

அதன் காலத்தைக் கணிப்பதிலும் இடர் இருந்தது. பெருக்கில் வந்த பொருள் பழைய வண்டலிலிருந்து வாரிக்கொண்டு வரப்பட்டது; அதன் வயது நிகழ்வின் வயதாகாது. படிவின் மேலும் கீழும் அமைதியாகப் படிந்த மெல்லிய படலங்களின் வயதே நம்பத்தக்கது. அப்படலங்களையும் பெருக்கு சில இடங்களில் அரித்துச் சென்றிருக்கும். அலினா பொலோனியாவும் உடனாய்வாளரும் வெவ்வேறு இடங்களின் தண்டுகளை ஒப்பிட்டு, கரிமக் காலக்கணிப்பின் துணையால், 2013இல் வேறொரு முடிவை வெளியிட்டனர்: இது சான்டோரினியின் படிவன்று, கி.பி. 365 ஜூலை 21 அன்று கிரீட் தீவை உலுக்கிய பெருநிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் பல கரைகளின் சரிவுகளை ஒருசேரக் குலைத்ததன் விளைவு. மேற்குக் கிரீட்டின் கரையை 9 மீட்டர் வரை உயர்த்திய நிலநடுக்கம் அது. அலெக்சாண்ட்ரியாவில் கடல் உள்வாங்கித் திரும்பிப் பாய்ந்ததை ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செலினுஸ் பதிவுசெய்துள்ளார்.

இவ்விரு விளக்கங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஏடுகளோடு முடிவதன்று. எரிமலை வெடிப்பு ஒருமுறை நிகழ்ந்த அரிய நிகழ்வு என்று கொண்டால் கிழக்கு மத்தியதரைக் கடற்கரைகளின் ஆபத்துக் கணக்கு ஒருவிதம். நிலத்தட்டு எல்லையில் மீண்டும் நிகழக்கூடிய நிலநடுக்கம் என்று கொண்டால் அக்கணக்கு முற்றிலும் வேறு. அலெக்சாண்ட்ரியா இன்றும் கரையில்தான் இருக்கிறது.

பௌமாவின் ஐந்து பிரிவுகள் இன்றும் பாடநூலில் உள்ளன, அவை பொய்யுமல்ல. அவை எங்கே, எத்தகைய படுகையில், எந்தப் பக்கத்தில் நின்று எழுதப்பட்டவை என்ற குறிப்பு மட்டும் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. ஸ்டூடரின் வட்டாரச் சொல்லுக்கும் இதுவே நேர்ந்தது. ஹோமோஜெனைட் என்ற பெயருக்கும் இதுவே நேர்ந்தது. ரிச்சி லுக்கியும் வல்மோரியும் செய்தது புதுக்கருவி எதையும் கண்டுபிடித்ததன்று. ஓர் அடுக்கை எடுத்துக்கொண்டு, அது முடியும்வரை அதனோடு நடந்தார்கள். கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர் ஒருவர் தம் குறிப்பேட்டில் அடுக்கின் தடிப்பையும் மணல் பருமனையும் எழுதும்போது, நின்ற இடத்திலிருந்து கரை எத்திசையில், எவ்வளவு தொலைவில் இருந்திருக்கும் என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதினால், அடுத்து வருபவர் அந்த அடுக்கை வேறிடத்தில் அடையாளம் காண அது உதவும்.